மோட்டார் அணையாத தெரு

ஏப்ரல் 3
பெண்கள் சிறை

அண்ணா என்று எழுதக் கை வரவில்லை. வேறு எப்படித் தொடங்குவது என்றும் தெரியவில்லை. ஆகவே, அண்ணனுக்கு.

இது இடது கை எழுத்து. கோணல்மாணலாகத்தான் இருக்கும், படித்துக்கொள். வலது கையில் முழங்கைக்கு மேல் வரை மாவுக்கட்டு. எலும்பு இரண்டு இடத்தில் முறிந்திருக்கிறதாம். "யாரும்மா அடிச்சது?" என்று சிறை டாக்டர் கேட்டார். "கூடப் பிறந்தவன்" என்றேன்.

வக்கீலம்மா வாரத்துக்கு ஒரு தரம் வருகிறார். அவர் பையில் போகும் காகிதத்தை இங்கே யாரும் பிரிப்பதில்லை. அதனால் மனதில் உள்ளதை உள்ளபடி எழுதுகிறேன்.

மார்ச் பதினான்கு, மத்தியானம் இரண்டு பத்து. குளிர்பதனக் கிடங்கின் கேட்டில் நீ டியூட்டியில் இருந்தாய். ஆம்புலன்ஸ் எங்கள் வீட்டு வாசலில் என் வீட்டுக்காரரை ஏற்றிக்கொண்டு பத்தடி நகர்ந்ததும் மாட்டிக்கொண்டது. முன்னால் மீன் லாரி, பின்னால் வெண்ணெய் லாரி. உன் கேட்டிலிருந்து தெருமுனை வரை வழக்கம்போல் நாற்பது வண்டி. பெட்டிக்குள் குளிர் குறையாமல் இருக்க நாற்பதிலும் மோட்டார் ஓடிக்கொண்டிருந்தது. உனக்குப் போன் செய்தேன்.

"அவருக்கு மூச்சு விட முடியல. ஒரு ஆறு வண்டியை உள்ள விடு, ஆம்புலன்சுக்கு வழி கிடைச்சிடும்" என்றேன்.

"உள்ள திராட்சை இறங்கிட்டிருக்கு, அஞ்சு நிமிஷம் பொறு" என்றாய்.

இரண்டு முப்பத்தேழுக்கு அவர் போய்விட்டார். கடைசியில் ஏதோ சொன்னார். உதடு அசைந்தது. இரண்டு பக்கமும் மோட்டார் இரைச்சல். காதை அவர் வாயருகே வைத்தும் எனக்குக் கேட்கவில்லை. இருபது வருஷம் என்னோடு வாழ்ந்த மனிதர் கடைசியாகச் சொன்னது என்னவென்று எனக்குத் தெரியாது.

ஒன்பது நாள் கழித்து நானும் தெருப் பெண்கள் ஐந்து பேரும் லாரிகளின் மேல் ஏறி, குளிர்வாயு ஓடும் குழாய்களை வெட்டினோம். அதை நான் மறுக்கவில்லை. ஒரு டிரைவர் இறங்கி வந்து, டயர் கழற்றும் கம்பியால் எங்களில் ஒருத்தியான பிளம்பர் மனைவியின் தோளில் அடித்தான். நான் என் கையிலிருந்த பைப் ரெஞ்சால் அவன் முகத்தில் அடித்தேன். அதையும் மறுக்கவில்லை. ஆனால் ஒரே அடி. அடித்ததும் ரெஞ்சைக் கீழே போட்டுவிட்டேன். வெறுங்கையோடு நின்றவளைத்தான் நீ பின்னாலிருந்து கேட்டின் தாழ்ப்பாள் கம்பியால் அடித்தாய்.

கம்பெனிக்கு நல்ல நாய் கிடைத்திருக்கிறது.

உன் தங்கை


ஏப்ரல் 9
வீடு

தங்கச்சிக்கு,

உன் கடிதத்தை உன் அண்ணி படிக்கக் கேட்டாள். கொடுக்கவில்லை.

நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன். கிடங்கில் சரக்கு இறக்கும் வாசல் இரண்டுதான். உள்ளே நிற்க நான்கு வண்டிக்குத்தான் இடம். அன்றைக்கு நான்கும் நிரம்பியிருந்தது. தெருவிலிருந்து ஆறு வண்டியை உள்ளே எடுக்க வேண்டுமென்றால் பின்பக்க மைதானத்தைத் திறக்க வேண்டும். மேலாளரைக் கேட்காமல் அதைத் திறக்கக் கூடாது என்பது விதி. அவருக்குப் போன் போட்டேன். எடுக்கவில்லை. திரும்பத் திரும்பப் போட்டேன். இருபது நிமிடம் போட்டுக்கொண்டே இருந்தேன். சாவி என் இடுப்பில்தான் இருந்தது. இதை நீ எப்படியும் ஒருநாள் கேட்பாய். அதனால் நானே சொல்லிவிடுகிறேன்.

மற்றது. நீ ரெஞ்சைக் கீழே போடவில்லை. உன் கை தலைக்கு மேலே இருந்தது. அந்த ஆள் சக்கரத்தில் சாய்ந்து முகத்தைப் பொத்திக்கொண்டிருந்தான், விரலிடுக்கில் ரத்தம் வழிந்தது. இரண்டாவது அடி விழுந்திருந்தால் மண்டை பிளந்திருக்கும். நான் உனக்கு இரண்டடி பின்னால் இருந்தேன். கத்தினேன், உனக்குக் கேட்கவில்லை. கையில் அகப்பட்டதை எடுத்து அடித்தேன். எலும்பு முறிந்த சத்தம் எனக்குக் கேட்டது. சோற்றில் கை வைக்கும்போதெல்லாம் கேட்கிறது.

நீங்கள் செய்ததன் பலனையும் கேள். ஏழு வண்டியின் குழாயை வெட்டினீர்கள். அவற்றிலிருந்து சீறிக்கொண்டு போன வாயு, அந்த மோட்டார்கள் வருஷம் முழுக்கக் கக்கும் புகையைவிடக் காற்றுக்குக் கேடு என்கிறார் மெக்கானிக். ஏழு வண்டிச் சரக்கும் அழுகியது. பொக்லைன் வைத்துக் குழி தோண்டிப் புதைத்தார்கள். அதற்கு ஈடாக ஏழு வண்டி மறுபடி சரக்கு வரும் ஊர்களிலிருந்து கிளம்பி வந்து, அதே தெருவில், உன் வீட்டு ஜன்னலுக்கு எதிரே நின்றது.

முந்தாநாள் உன் தெரு ஆட்கள் என் வீட்டு ஜன்னலை உடைத்தார்கள். கண்ணாடிச் சில்லு உன் அண்ணியின் நெற்றியில் பாய்ந்து நான்கு தையல்.

மாப்பிள்ளை போனது எனக்கு மட்டும் துக்கமில்லையா?

அண்ணன்


ஏப்ரல் 20

அண்ணனுக்கு,

ஜன்னல் உடைந்ததா? நல்லது. இனி உன் வீட்டுக்குள்ளும் புகை வரும். அண்ணியின் தையலுக்கு மட்டும் வருத்தப்படுகிறேன். அவள் எனக்கு ஒரு கெடுதலும் செய்ததில்லை.

கம்பெனி கோர்ட்டில் கொடுத்த காகிதத்தை வக்கீலம்மா படித்துக் காட்டினார். "இறந்தவர் தொழில்முறைப் பெயின்டர். அவருடைய நுரையீரல் பெயின்டினால் முன்பே கெட்டிருந்தது." இதை எழுதியவன் எவன்? அவர் பதினெட்டு வயதிலிருந்து பெயின்ட் அடித்தவர்தான். கிடங்கு வருவதற்கு முன்னால் நாலு மாடி ஏறி இறங்கி வேலை பார்த்தவரும் அவர்தான். அப்போது இருமல் இல்லை. கிடங்கு வந்து பத்தாவது வருஷம் படி ஏற முடியவில்லை, பதினைந்தாவது வருஷம் மூச்சு இரைக்காமல் பல் தேய்க்க முடியவில்லை. தினமும் காலையில் ஜன்னலை ஈரத் துணியால் துடைப்பார். துணி கறுப்பாகும். மறுநாள் மறுபடி கறுப்பாகும். "இந்த வீட்டுக்கு ஓசியிலயே ஒருத்தன் பெயின்ட் அடிக்கிறான், ஒரே கலர்தான் வச்சிருக்கான்" என்று சிரிப்பார். சிரித்தால் இருமல் வரும். அதனால் நாங்கள் வீட்டில் சிரிப்பதையே குறைத்துக்கொண்டோம்.

வெயில் ஏற ஏறப் பெட்டிக்குள் குளிரைக் கூட்டுகிறார்கள். குளிரைக் கூட்டக் கூட்ட வெளியே புகையும் சூடும் ஏறுகிறது. உள்ளே மீன் சுகமாகத் தூங்குகிறது. வெளியே மனிதர் வேகிறார். இதைத்தானே நீ காவல் காக்கிறாய்?

இருபது நிமிடம் போன் போட்டாயாம். சாவி இடுப்பிலேயே இருந்ததாம். அதை எழுதவும் உனக்குக் கை வந்ததா?

இங்கே ஒருத்தி என் மாவுக்கட்டைப் பார்த்து, "அண்ணன் கையால வாங்கின சீதனமா?" என்றாள். இடது கையால் அவள் முடியைப் பிடித்துச் சுவரில் மோதினேன். அவள் முன்பல் ஒன்று போனது. எனக்கு மூன்று நாள் தனி அறை. முன்பெல்லாம் கோழி அறுப்பதைக்கூடப் பார்க்க மாட்டேன், உனக்குத் தெரியும். இப்போது அவள் பல் தரையில் கிடந்ததைப் பார்த்தபோது எனக்கு ஒன்றுமே தோன்றவில்லை. அதுதான் பயமாக இருக்கிறது.

ரெஞ்ச் என் கையில் இல்லை. எத்தனை தரம் கேட்டாலும் இதைத்தான் சொல்வேன்.

தங்கை


மே 6

தங்கச்சிக்கு,

அந்த டிரைவரைப் பார்க்க ஆஸ்பத்திரிக்குப் போனேன். இடது கண் போய்விட்டது. கண்ணுக்குக் கீழே எலும்பும் நொறுங்கியிருக்கிறது. அவன் ஊர் இங்கிருந்து இரண்டு நாள் தூரம். வந்து பார்க்க யாருமில்லை. பக்கத்துக் கட்டில்காரரின் மனைவிதான் கஞ்சி கொடுக்கிறாள்.

நான் யார் என்று சொன்னதும் எழுந்து என் சட்டையைப் பிடித்தான். ஓங்கி ஒரு அறை விட்டான். நர்ஸ் ஓடி வந்தாள். நான் அவளைப் போகச் சொன்னேன். பிறகு அவனுக்கு மூச்சு இரைத்தது. உட்கார்ந்து இருமினான். தங்கச்சி, அந்த இருமல் எனக்குத் தெரிந்த இருமல். மாப்பிள்ளையுடைய இருமல்.

"எத்தனை நாளா இருக்கு?" என்று கேட்டேன்.

"வண்டி ஓட்ட வந்த நாள்ல இருந்து. தலைக்குப் பின்னாடியே மோட்டார் ஓடிட்டு இருக்கும். கேபின்லதான் படுக்கை. அந்தச் சத்தம் நின்னாதான் எனக்கு முழிப்பே வரும்" என்றான்.

"அன்னைக்கு என்ன சரக்கு?"

"கேரட்."

"எங்க விளைஞ்சது?"

சிரித்தான். கட்டுப்போட்ட முகம் வலித்திருக்கும், உடனே நிறுத்திக்கொண்டான். "உங்க ஊர்ல விளைஞ்சதுதாங்க. ரயில் பாதைக்கு அந்தப் பக்கம் வயல் இருக்கே, அங்க பிடுங்கறோம். ரெண்டு நாள் ஓட்டி எங்க ஊருக்குக் கொண்டு போறோம். அங்க மெஷின்ல கழுவி, அளவு பார்த்து, பையில போடுவாங்க. மறுபடி ரெண்டு நாள் ஓட்டி உங்க கிடங்குக்கே கொண்டு வர்றோம். கழுவுற மெஷின் அங்கதான் இருக்காம்."

பதினாறு வருஷமாக அந்தக் கேட்டில் நிற்கிறேன். ஒவ்வொரு வண்டியையும் எழுதி உள்ளே விடுகிறேன். வண்டி எங்கிருந்து வருகிறது என்றுதான் எழுதினேன். சரக்கு எங்கே விளைந்தது என்று ஒரு நாளும் கேட்டதில்லை.

இன்னொன்று. கம்பெனி வக்கீல் என்னை அழைத்தார். நான்தான் முதல் சாட்சி. இரண்டு விஷயம் சொல்ல வேண்டுமாம். மார்ச் பதினான்காம் தேதி தெருவில் வழி இருந்தது, ஆம்புலன்ஸ்காரன்தான் தவறாகத் திருப்பினான் என்பது ஒன்று. நீ இரண்டாவது தடவை ஓங்கினாய் என்பது இன்னொன்று. முதலாவது பொய், இரண்டாவது உண்மை. இரண்டையும் சேர்த்துச் சொன்னால் உனக்கு ஒன்பது வருஷத்துக்குக் குறையாது என்கிறார் உன் வக்கீலம்மா.

என்ன செய்வது என்று எனக்குத் தெரியவில்லை.

அண்ணன்


மே 15

அண்ணனுக்கு,

கேரட்டா?

மொட்டை மாடியில் துணி காயப்போடும்போது அந்த வயல் தெரியும். சைக்கிளில் போனால் அரை மணி நேரம். அங்கே விளைந்த கேரட் நாலு நாள் ஊர் சுற்றிக் குளித்துவிட்டு வந்து எங்கள் தெருமுனைக் கடையில் உட்காரும். அதை நானே வாங்கி அவருக்குச் சூப் வைத்துக் கொடுத்திருக்கிறேன். உடம்புக்கு நல்லது என்று டாக்டர் சொன்னார்.

இதை வாசித்த அன்று அறைக் கதவைத் தலையால் முட்டினேன் என்கிறார்கள். எனக்கு நினைவில்லை. நெற்றி வீங்கியிருக்கிறது.

நீ போய் எதை வேண்டுமானாலும் சொல். ஒன்பது வருஷம் கழித்து வெளியே வருவேன். அப்போது உனக்கு அறுபது வயதாகியிருக்கும். ஓட முடியாது. எந்தக் கையால் அடித்தாயோ அந்தக் கையை முறிப்பேன். மிரட்டுகிறேன் என்று நினைக்காதே, தகவல் சொல்கிறேன்.

அந்த டிரைவருக்குக் கஞ்சி கொடுக்கும் பெண், பக்கத்துக் கட்டில்காரர் குணமாகி வீட்டுக்குப் போனதும் வராமல் போய்விடுவாள். அதற்குப் பிறகு யார் கொடுப்பார்கள்? அண்ணியை ஒரு வேளையாவது போகச் சொல். நான் சொன்னதாகச் சொல்ல வேண்டாம்.

தங்கை


ஆகஸ்ட் 28
உன் அண்ணியின் ஊர்

தங்கச்சிக்கு,

கோர்ட்டில் நீ என்னைப் பார்க்கவே இல்லை. நான் கூண்டில் ஏறியபோது தலையைக் குனிந்தவள் இறங்கும்போதுதான் நிமிர்ந்தாய். நடுவில் நான் பேசியதைக் கேட்டாயா என்றுகூடத் தெரியவில்லை.

கம்பெனி வக்கீல் கேட்டார்: "அடித்த பிறகு ரெஞ்ச் எங்கே இருந்தது?" "கீழே கிடந்தது" என்றேன். "அப்படியானால் நீங்கள் ஏன் அடித்தீர்கள்?" "கோபத்தில் அடித்தேன். வெறுங்கையோடு நின்றவளை அடித்தேன்" என்றேன். அவர் முகம் போன போக்கை நீ பார்த்திருக்க வேண்டும். உடனே மார்ச் பதினான்குக்குத் தாவினார். "தெருவில் வழி இருந்தது அல்லவா?" "இல்லை. மைதானத்தின் சாவி என் இடுப்பில் இருந்தது. நான் திறக்கவில்லை" என்றேன்.

ஒரு பொய் சொல்லச் சொன்னார்கள். சொன்னேன். அவர்கள் கேட்டதைச் சொல்லவில்லை, அவ்வளவுதான். நல்லவேளையாக டிரைவரும், கண்ணில் ரத்தம் இறங்கியதால் பிறகு எதையும் பார்க்கவில்லை என்று சொல்லிவிட்டான்.

கோர்ட்டுக்குப் பின்னால் வண்டி நிறுத்தும் இடத்தில் மூன்று பேர் காத்திருந்தார்கள். இரண்டு பேர் கிடங்குக் காவலாளிகள். பதினாறு வருஷம் என்னோடு டீ குடித்தவர்கள். ஒருவன் அடிப்பதற்கு முன்னால், "மன்னிச்சிடுங்க சார், வேலை" என்றான். விதி என்று நான் உனக்கு எழுதினேனே, அதே பதில். மூன்று விலா எலும்பு. இடது காது இன்னும் சரியாகக் கேட்பதில்லை. நிமிர்ந்து படுக்க முடியாமல் கிடந்தபோது, எல்லாரும் வேலையைத்தான் செய்தார்கள் என்று தோன்றியது. நானும், அவனும், அந்த டிரைவரும்.

வேலை போய்விட்டது. இங்கே வந்து கிடைத்த வேலையைச் சொன்னால் நீ சிரிப்பாய். காய்கறி கழுவும் ஷெட். டிரைவரின் ஊர் இங்கிருந்து பக்கம்தான்; அவன் சொன்னானே, அதே ஷெட். மெஷினிலிருந்து வரும் கேரட்டில் உடைந்ததையும் கோணலானதையும் பொறுக்கி எறிய வேண்டும். நம் ஊர் மண் தண்ணீரில் கரைந்து சாக்கடையில் போவதை நாள் முழுக்கப் பார்க்கிறேன். பத்துக்கு மூன்று குப்பைக்குப் போகிறது. இரண்டு நாள் புகை கக்கிக்கொண்டு வந்ததே குப்பையில் விழத்தானா என்று மேஸ்திரியிடம் கேட்டேன். "கோணலா இருந்தா பையில நிக்காதுய்யா" என்றார்.

உன்னிடம் சொல்லாத ஒன்று மிச்சமிருக்கிறது. மைதானத்தில் இருபத்தைந்து வண்டிக்கு மின்சார இணைப்பு இருக்கிறது. கிடங்கு கட்டும்போதே போட்டது. மோட்டாரை அணைத்துவிட்டு ஒயரைச் செருகினால் பெட்டி குளிராகவே இருக்கும். புகையும் வராது, சத்தமும் வராது. மின்சாரத்தை மிச்சம் பிடிப்பதற்காக மேலாளர் அந்த மைதானத்தையே பூட்டிவைத்தார். இது எனக்கு முதல் நாளிலிருந்தே தெரியும். மாப்பிள்ளை என் வீட்டு விசேஷத்துக்கு வந்து வாசல்படியில் நின்று இருமியபோதும் தெரியும்.

நீ எழுதியபடி கையை முறிக்க வந்தால் நான் ஓட மாட்டேன்.

அண்ணன்


அக்டோபர் 11
வீடு

அண்ணா,

கோர்ட்டில் நீ சொன்ன ஒவ்வொரு சொல்லும் கேட்டது. தலையை நிமிர்த்தினால் நீ பொய் சொல்கிறாய் என்று என் முகமே காட்டிக்கொடுத்துவிடும் என்று குனிந்திருந்தேன்.

போன வாரம் விட்டுவிட்டார்கள். குழாய் வெட்டியதற்கும் கண்ணுக்கும் சேர்த்துத் தண்டனை கொடுத்து, உள்ளே இருந்த நாட்களில் அதைக் கழித்துக்கொண்டார்கள். கை பொருந்திவிட்டது, ஆனால் முழுக்க நீளவில்லை. இந்தக் கடிதத்தை அண்ணியின் தம்பியிடம் கொடுத்தனுப்புகிறேன். படித்ததும் எரித்துவிடு.

நான் ரெஞ்சைக் கீழே போடவில்லை. ஓங்கித்தான் இருந்தேன். அவன் முகத்தைப் பொத்திக்கொண்டிருந்ததையும் பார்த்தேன். பொத்திய கைக்கு மேலே நெற்றி தெரிந்தது, அங்கே குறி வைத்தேன். நீ அடிக்காமல் இருந்தால் அவன் செத்திருப்பான். சிறையில் எல்லாரிடமும் வேறு மாதிரிச் சொல்லிச் சொல்லி நானே அதை நம்பிவிட்டேன். நீ கூண்டில் நின்று என் பொய்யை எனக்காகச் சொன்னபோதுதான் அது பொய் என்று எனக்கு உறைத்தது.

டிரைவருக்குக் கடிதம் எழுதினேன். பதில் வந்தது, இரண்டு வரி. "என் கண்ணைப் பற்றி எழுதாதீர்கள். எனக்கு இப்போது வண்டி கிடையாது, அதைப் பற்றியும் எழுதாதீர்கள்." வேறு எதைப் பற்றி எழுதுவது என்று தெரியாமல் வைத்திருக்கிறேன்.

வழக்குக்குப் பிறகு நம் தெருவில் லாரி நிற்பதில்லை. ஜன்னல் துடைத்தால் துணி வெள்ளையாகவே இருக்கிறது. தெருக்காரர்கள் எனக்கு மாலை போடாத குறை. லாரிகள் எங்கே போயின என்று கேட்டேன். பேச்சை மாற்றினார்கள். நானே தேடிப் போனேன். வாய்க்கால் ஓரத் தெருவில் நிற்கின்றன. அதே நாற்பது வண்டி, அதே புகை. வீடுகள் இங்கே உள்ளவற்றைவிடச் சிறியவை, ஜன்னல் இல்லாதவையும் உண்டு. மைதானம் இன்னும் பூட்டித்தான் கிடக்கிறது.

அங்கே முட்டை விற்கும் பெண் ஒருத்தி என்னை அடையாளம் கண்டுகொண்டாள். அவள் அப்பா கட்டிலில் கிடக்கிறார், குழாய் வழியாக மூச்சு. அவள் உள்ளே போய் ஒரு கட்டிங் பிளேயரை எடுத்து வந்து என் கையில் வைத்தாள்.

"எங்க வெட்டணும்னு மட்டும் காமிங்க, மத்ததை நாங்க பார்த்துக்கறோம்."

உனக்கு மட்டும் சொல்கிறேன். என் விரல்கள் தாமாகவே அதை இறுகப் பிடித்துக்கொண்டன. முறிந்த கை, முழுக்க நீளாத கை, அதைப் பிடித்ததும் வலியே இல்லை. முன்னால் நின்ற லாரியில் குழாய் எங்கே ஓடுகிறது என்று என் கண் அதற்குள் தேடிப் பிடித்துவிட்டது. பிறகு திருப்பிக் கொடுத்துவிட்டு, கண் போனவரைப் பற்றிச் சொன்னேன். புதைத்த ஏழு லோடு பற்றியும் மறுபடி கிளம்பி வந்த ஏழு வண்டி பற்றியும் சொன்னேன்.

"அப்ப எங்கப்பாவும் செத்துத்தான் போகணுமா?" என்றாள்.

மறுநாள் என் கட்டிலைத் தூக்கிக்கொண்டு போய் அந்தத் தெருவின் ஒரு பக்கத்தில் போட்டு உட்கார்ந்தேன். கட்டிலைத் தூக்கினால் ஆம்புலன்ஸ் போகும் அகலத்துக்கு ஒரு வழி. அந்த இடத்தில் லாரி நிற்கக் கூடாது. இப்போது பதினேழு கட்டில் ஆகிவிட்டது. நேற்று ஒரு வண்டி வேண்டுமென்றே ஏறி ஒரு கட்டிலின் காலை நொறுக்கியது. படுத்திருந்தவள் உருண்டு தப்பித்தாள். டிரைவரை இறக்கி எல்லாரும் அடிக்கப் போனார்கள். நான் நடுவில் விழுந்தேன், என் உதடு கிழிந்தது. யார் அடித்ததில் கிழிந்தது என்று தெரியவில்லை. திங்கட்கிழமை தடியோடு கம்பெனி ஆட்கள் வருவதாகப் பேசிக்கொள்கிறார்கள். பிளம்பர் மனைவி அதே மாதிரி ஒரு ரெஞ்சைத் துணியில் சுற்றித் தன் கட்டிலுக்கு அடியில் வைத்திருக்கிறாள். அது எனக்கு எட்டும் தூரத்தில்தான் இருக்கிறது.

மைதானத்தில் கரண்ட் இருப்பது இங்கே யாருக்கும் தெரியாது. நான் சொன்னால் நம்ப மாட்டார்கள். பதினாறு வருஷம் அதைப் பூட்டி வைத்திருந்தவன் வந்து, எல்லார் முன்னாலும் நின்று சொல்ல வேண்டும். எந்தச் சுவரில் இணைப்பு இருக்கிறது, எந்தப் பூட்டை உடைக்க வேண்டும் என்று காட்ட வேண்டும். உன்னைப் பார்த்ததும் கல்லெறிவார்கள். நான் பக்கத்தில் நிற்பேன், அவ்வளவுதான் என்னால் முடியும்.

ஞாயிற்றுக்கிழமைக்குள் வந்துவிடு. திங்கட்கிழமை நான் மறுபடி ஓங்கினால், நீ மறுபடி அடி. ஒரு வார்த்தை கேட்க மாட்டேன். ஆனால் இந்தத் தடவை முதலில் கேட்டைத் திற, அண்ணா. அடிப்பதெல்லாம் அப்புறம்.

உன் தங்கை